நிற்றலும் வேண்டலும்: கிறித்தவ ஆன்மிகப் போர்ச்சொற்களின் மொழிபெயர்ப்பு வரலாறு

1. முன்னுரை

கிறித்தவ மரபில் தீய ஆற்றல்களுக்கு எதிரான வாழ்வைப் போராக உருவகிக்கும் வழக்கம் தொன்மையானது. இவ்வுருவகத்தின் முதன்மை ஊற்று, பவுலின் பெயரால் வழங்கும் எபேசியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரமாகும். அங்கு ஒரு காலாட்படை வீரனின் போர்க்கோலம் உறுப்புறுப்பாக விவரிக்கப்பட்டு, ஒவ்வோர் உறுப்பும் ஓர் அகப்பண்போடு இணைக்கப்படுகிறது. இப்பகுதி உலகமொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டுள்ளது. பெயர்க்கப்பட்ட மொழிகள்தோறும் இப்போரின் இயல்பு சற்றே மாறியும் வந்துள்ளது.

இக்கட்டுரை ஒரு வினாவை முன்வைக்கிறது. இப்போரில் வேண்டலின் இடம் யாது? அது வீரன் கையாளும் கருவியா, அல்லது தன் காவலைத் தானே செய்துகொள்ள இயலாதவன் பிறிதொருவரைச் சார்ந்து நிற்கும் நிலையா? இவ்வினாவுக்கு இறையியலார் பல விடைகள் தந்துள்ளனர். இங்கு மேற்கொள்ளப்படுவது மொழியியல் நோக்கு. மூலமொழியின் வினைவடிவங்கள், தமிழ்த் திருப்புதல்களின் சொல்தேர்வு, தமிழின் தொடரமைப்பு ஆகியவை இவ்விடையை எவ்வாறு மாற்றி அமைத்தன என்பதே ஆய்வுப்பொருள்.

2. மூலத்தின் வினையமைப்பு

2.1. எபேசியர் 6:10 முதல் 18 வரையுள்ள கிரேக்கப் பகுதியில் நிற்றல் பொருள்தரும் வேர் நான்கு முறை வருகிறது. 11ஆம் வசனத்தில் ஒருமுறை, 13ஆம் வசனத்தில் 'எதிர்நிற்றல்' எனவும் 'நிற்றல்' எனவும் இருமுறை, 14ஆம் வசனத்தின் தொடக்கத்தில் 'ஸ்டேட்டெ' என ஏவல்வடிவில் ஒருமுறை. முன்னேறுதல், தாக்குதல், கைப்பற்றுதல் ஆகிய பொருள்தரும் வினை ஒன்றும் இப்பகுதியில் இல்லை. தமிழ்ப் புறத்திணை மரபில் இதற்கு ஒப்புக் காண விழைவோர் வெட்சியையோ வஞ்சியையோ அன்றி, எயில் காத்து நிற்கும் நொச்சியையே சுட்டவேண்டும்.

2.2. ஏனைய ஏவல் வினைகளும் இதே திசையில் அமைந்துள்ளன. பகுதியைத் தொடங்கும் வினை, 'வலிமையூட்டப்பெறுங்கள்' என்று பொருள்படும் செயப்பாட்டு வடிவம். தலைக்கவசத்தையும் வாளையும் குறித்து 17ஆம் வசனத்தில் வரும் வினை 'தெக்ஸாஸ்தெ' என்பது. விருந்தினரை ஏற்றல், கொடையைப் பெறுதல் ஆகிய இடங்களில் வழங்கும் வினை இது. ஆகவே வீரன் அவற்றைப் பிறர் கையிலிருந்து பெற்றுக்கொள்கிறான்.

2.3. அக்கவசம் யாருடையது என்பதும் நோக்கத்தக்கது. ஏசாயா 59:17இல் நீதியை மார்புக்கவசமாகவும் மீட்பைத் தலைக்கவசமாகவும் அணிபவர் இறைவனே. எபேசியர் நிருபம் அவ்விரண்டையும் எடுத்து மனிதர்க்கு அணிவிக்கிறது. ஆனால் ஏசாயாவில் உடன்வரும் பழிவாங்குதல் என்னும் உடையும், வைராக்கியம் என்னும் போர்வையும் எபேசியரில் இடம்பெறவில்லை. இறைவனின் போர்க்கோலத்திலிருந்து மனிதர்க்குத் தரப்படுபவை காக்கும் உறுப்புகள். பழிவாங்கும் உடை அவரிடமே தங்கிவிடுகிறது.

2.4. இனி வேண்டல். கச்சை, மார்புக்கவசம், காலணி, கேடகம், தலைக்கவசம், வாள் என்னும் ஆறு உறுப்புகளும் ஆறு பண்புகளோடு இணைக்கப்படுகின்றன. வேண்டல் இந்த ஆறனுள் ஒன்றன்று. அதற்கு ஒப்பாக எந்தக் கருவியும் கூறப்படவில்லை. 18ஆம் வசனத்தில் அது 'ப்ரொசியூகோமெனோய்' (வேண்டிக்கொண்டு) என்னும் எச்ச வடிவில் வருகிறது. இந்த எச்சம் 'நில்லுங்கள்' என்னும் முற்றோடும் 'பெற்றுக்கொள்ளுங்கள்' என்னும் முற்றோடும் பொருந்தும். எதனோடு பொருத்தினும் அது அவ்வினை நிகழும் முறையைச் சுட்டுகிறதேயன்றிப் புதியதொரு கருவியைச் சுட்டவில்லை. கவசம் அணிந்தவன் எவ்வாறு நிற்கிறான் என்பதற்கு விடை: வேண்டிக்கொண்டு நிற்கிறான்.

3. தமிழ்த் திருப்புதல்களில்

3.1. தமிழகத்தில் விவிலியம் நூலாக வருவதற்கு முன்பே வேண்டல் செவிவழி வந்துவிட்டது. 1542 முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிசு சேவியர் அடிப்படை வேண்டல்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து பரதவர்க்கு மனப்பாடமாகக் கற்பித்தார். 1554இல் லிசுபனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ச் சிறுநூலும், 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும் இவ்வழி வந்தவை. புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் பெயர்த்து அச்சேற்றியவர் தரங்கம்பாடியில் பணியாற்றிய சீகன்பால்கு. அதன் அச்சு 1715இல் நிறைவுற்றது. பப்ரிசியசின் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் இன்றளவும் சீர்திருத்தத் திருச்சபைகளில் பெருவழக்காக உள்ளது. கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. இவற்றுள் பின்னிரண்டின் சொற்களே கீழே ஆராயப்படுகின்றன.

3.2. முதலில் தொகைப்பெயர். 'பனோப்லியா' என்னும் கிரேக்கச்சொல் முழுக் காலாட்படை வீரனின் போர்க்கோலம் முழுவதையும், அதாவது காப்பனவும் தாக்குவனவும் ஆகிய இரண்டையும் குறிப்பது. இலத்தீன் மொழியில் 'அர்மத்தூரா' எனவும், லூத்தரின் செருமானியத்தில் 'ஹார்னிசு' எனவும், ஆங்கிலத்தில் 'ஆர்மர்' எனவும் அது பெயர்க்கப்பட்டது. பின்னிரண்டும் உடலைக் காக்கும் கவசத்தையே முதன்மையாகச் சுட்டுவன. ஐக்கியத் திருப்புதலின் சொல்லோ 'சர்வாயுதவர்க்கம்'. ஆயுதம் என்பது தாக்கும் படைக்கருவி. மூலத்தின் ஆறு உறுப்புகளுள் வாள் ஒன்றே அப்பெயர்க்கு முற்றும் உரியது. ஏனைய ஐந்தும் அணிவன அல்லது தடுப்பன. ஆகவே தமிழ்த்தொகைப்பெயர் பொருளின் எடையைக் காவலிலிருந்து தாக்குதலுக்கு நகர்த்துகிறது. திருவிவிலியத்தின் 'படைக்கலங்கள்' என்பதும் இவ்வகையில் அதே திசையினது.

எனினும் திருவிவிலியம் வேறோரிடத்தில் மூலத்தின் கருத்தை வெளிப்படையாக்குகிறது. 'கடவுளின்' என்னும் வேற்றுமைத்தொடர் உடைமைப்பொருளும் தரும், தோற்றுவாய்ப்பொருளும் தரும். ஐக்கியத் திருப்புதல் 'தேவனுடைய' என அவ்விரு பொருளையும் திறந்து வைக்கிறது. திருவிவிலியம் 'அருளும்' என்னும் பெயரெச்சத்தைச் சேர்த்து, தருபவர் இறைவன் என்பதைத் தெளிவாக்குகிறது. ஏசாயாவில் இறைவனே அணிந்த கவசம் என்னும் குறிப்பு இதனால் மங்கினாலும், பெறுபவனின் சார்புநிலை துலங்குகிறது.

3.3. அடுத்து வினைகள். 'வலிமையூட்டப்பெறுங்கள்' என்பதற்கு ஐக்கியத் திருப்புதல் 'பலப்படுங்கள்' என்கிறது. பலப்படு, பலப்படுத்து என்னும் தன்வினை, பிறவினை இணையில் முன்னதைத் தேர்ந்ததால், செயப்பாட்டு வடிவத்தின் பொருள் தமிழுக்கு இயல்பான முறையில் காக்கப்பட்டது. ஆனால் 'பெற்றுக்கொள்ளுங்கள்' என்றிருக்கவேண்டிய இடத்தில் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என வந்துள்ளது. கொள் என்னும் துணைவினை இரண்டிலும் ஒன்றே. முதல்வினையின் மாற்றத்தால் கொடுப்பவர் தொடரிலிருந்து மறைந்துவிடுகிறார்.

3.4. யாவற்றினும் முதன்மையானது தொடரமைப்பு. கிரேக்கத்தில் 'நில்லுங்கள்' என்னும் முற்று 14ஆம் வசனத்தின் தலையில் நிற்கிறது. கட்டி, அணிந்து, தொடுத்து, பிடித்து என எச்சங்கள் அதன்பின் வருகின்றன. சங்கிலியின் கடைசியில் வேண்டல் வருகிறது. தமிழில் முற்று தொடரின் இறுதியில் நிற்பது இயல்பு. எனவே ஐக்கியத் திருப்புதலில் 'கட்டினவர்களாயும்', 'தரித்தவர்களாயும்' என அடுக்கி வந்து, 'நில்லுங்கள்' என்னும் முற்று 16ஆம் வசனத்தின் இறுதியில் அமைகிறது. தொடர் அங்கே முடிந்துவிடுகிறது. 17ஆம் வசனம் தனி ஏவலோடு முடிகிறது. 18ஆம் வசனத்தில் 'ஜெபம்பண்ணி' என்னும் வினையெச்சம் 'விழித்துக்கொண்டிருங்கள்' என்னும் வேறொரு முற்றைக் கொண்டு முடிகிறது.

இதில் பிழை ஏதும் இல்லை. மூலத்திலும் விழித்திருத்தல் வேண்டலை அடுத்தே வருகிறது. ஒன்பது வசனங்கள் முழுவதையும் ஒரே முற்றில் முடித்தல் தமிழில் எளிதுமன்று. ஆயினும் விளைவு குறிக்கத்தக்கது. மூலத்தில் நிற்றலின் முறையாக இருந்த வேண்டல், தமிழில் நிற்றலுக்கும் பெறுதலுக்கும் பின்வரும் மூன்றாவது கட்டளையின் பகுதியாகிறது. வரிசையில் இறுதியாக வரும் கட்டளையைப் பட்டியலின் ஏழாம் உறுப்பாகக் கொள்ளுதல் கேட்போர்க்கு எளிது. வேண்டலைப் படைக்கருவியாகக் கருதும் பிற்கால வழக்கு ஆங்கிலத்தின் செல்வாக்கால் வளர்ந்ததே எனினும், தமிழ்த் தொடரமைப்பும் அதற்குத் தடையாக நிற்கவில்லை.

4. கவசம் என்னும் சொல்

4.1. 'தோராக்சு' என்பதற்கு ஐக்கியத் திருப்புதலின் சொல் 'மார்க்கவசம்'. கவசம் என்னும் சொல் இந்திய மொழிகளில் உடற்காப்பை மட்டும் குறிப்பதன்று; உறுப்புறுப்பாகக் காக்குமாறு தெய்வத்தை வேண்டும் பாடல்வகைக்கும் அது பெயர். பாகவதத்தின் ஆறாம் கந்தத்தில் வரும் நாராயண கவசம் வடமொழியிலும், தேவராய சுவாமிகளின் கந்தர் சட்டி கவசம் தமிழிலும் அனைவரும் அறிந்தவை. இவ்வகையில் கவசம் என்பது சொல்லால் ஆனது; ஓதுதலே அணிதல்.

4.2. இத்தகைய பொருள்விரிவு இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. மார்புக்கவசத்தைக் குறிக்கும் 'லோரிகா' என்னும் இலத்தீன் சொல் இடைக்கால அயர்லாந்தில் காப்பு வேண்டும் பாடல்வகைக்குப் பெயராயிற்று. உடலுறுப்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காப்பு வேண்டும் லோரிகாக்களும் உள. அவ்வகையுள் பெரும்புகழ் பெற்றது, ஐந்தாம் நூற்றாண்டினராகிய பாட்ரிக்கின் பெயரால் வழங்கும் பாடல்; அதன் மொழி எட்டாம் நூற்றாண்டினது என மொழியியலார் கணிப்பர். அதன் முதற்சொல்லாகிய வினையை 'என்மேல் கட்டிக்கொள்கிறேன்' எனச் சிலரும் 'எழுகிறேன்' எனச் சிலரும் பகுத்துக் கொள்வர். 1889இல் அதனை ஆங்கிலப் பாடலாக்கிய செசில் பிரான்சசு அலெக்சாண்டர் முன்னதைக் கொண்டார். கட்டிக்கொள்ளுதல் என்னும் பொருளிலும், கட்டப்படுவது பகைவன் அல்லன். பாடுபவன் இறைவனின் ஆற்றலைத் தன்மேல் கட்டிக்கொள்கிறான்.

4.3. தொடர்பற்ற இரு பண்பாடுகள் கவசப்பெயரை வேண்டலுக்கு இட்டிருப்பது பொருளியலார் கருதத்தக்க ஒப்புமை. எபேசியரில் கவசம் பண்பாகவும் வேண்டல் அதற்குப் புறத்தேயும் உள்ளன. இவ்விரு மரபுகளிலோ கவசமே வேண்டல். தமிழ் வாசகர் மார்க்கவசம் என்னும் சொல்லை எதிர்கொள்ளும்போது இம்மரபின் எதிரொலி இல்லாமல் இராது. அது தீங்கன்று. காப்பவரைக் கவசமாகக் காணும் மரபு தமிழில் இன்னும் பழமையானது; பதிற்றுப்பத்தில் சேரவேந்தர் தம் வீரர்க்கு 'மெய்ம்மறை' எனப் போற்றப்படுகின்றனர். ஒரு பொருளைவிட ஓர் ஆளே கவசமாதல் என்னும் இக்கருத்து, ஏசாயாவின் கவசத்தைப் பெயர்ப்பவர்க்கு 'சர்வாயுதவர்க்கம்' என்பதைவிட அணுக்கமான துணையாகும்.

5. தீமையா, தீயோனா?

5.1. காவலை நாடும் வேண்டல்களுள் தலையாயது இயேசு கற்பித்த வேண்டல். அதன் இறுதி விண்ணப்பத்தில் (மத்தேயு 6:13) 'போனேரொசு' என்னும் சொல் வேற்றுமை ஏற்று வருகிறது. அவ்வேற்றுமையில் ஆண்பாலுக்கும் பொதுப்பாலுக்கும் வடிவம் ஒன்றே. ஆகவே 'தீயது' எனவும் 'தீயவன்' எனவும் பொருள் கொள்ள இடமுண்டு. கிறிசோத்தோம் முதலிய கிரேக்கத் தந்தையர் தீயவனையே கொண்டனர். மேலைத் திருச்சபையில் அகுஸ்தீன் முதலியோர் வழி தீமை என்னும் பொருள் வலுப்பெற்றது. இலத்தீன் வடிவம் இருபொருளையும் தாங்கவல்லது.

5.2. தமிழ் இவ்வையத்தைத் தாங்காது. உயர்திணை, அஃறிணைப் பாகுபாடு சொல்வடிவிலேயே வெளிப்படுவதால் மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஐக்கியத் திருப்புதல் 'தீமை' என்றது. திருவிவிலியம் 'தீயோன்' என்றது.

5.3. ஐக்கியத் திருப்புதலின் தேர்வில் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. இயேசுவின் வேண்டலிலும், யோவான் 17:15இல் அவர் சீடர்க்காக வேண்டுமிடத்தும், இறைவன் காப்பார் என 2 தெசலோனிக்கேயர் 3:3 உறுதி கூறுமிடத்தும் 'தீமை' வருகிறது. அதே கிரேக்கச் சொல் எபேசியர் 6:16இல் அம்பெய்யும் எழுவாயாகவும், மத்தேயு 13:19இல் விதையைப் பறிக்கும் எழுவாயாகவும், 1 யோவான் 5:18இல் தொடமாட்டாத எழுவாயாகவும் வருமிடங்களில் 'பொல்லாங்கன்' எனப் பெயர்க்கப்பட்டுள்ளது. அதாவது, காக்க வேண்டப்படும் இடத்தில் அஃறிணை. தாக்குபவன் பேசப்படும் இடத்தில் உயர்திணை. 1 யோவான் 5:19இல் எழுவாயாகாத இடத்திலும் 'பொல்லாங்கன்' வருவது, முந்தைய வசனத்தின் தொடர்ச்சி எனலாம்.

5.4. இவ்வொழுங்கு கருதிச் செய்யப்பட்டதாயினும் அன்றாயினும், அதன் பயன் தெளிவு. வேண்டுவோன் பேச்சில் பகைவன் ஆளாக உருப்பெறுவதில்லை. அவன் முன் நிற்கும் ஆள் ஒருவரே, வேண்டப்படுபவர். திருவிவிலியத்தின் 'தீயோன்' மூலத்தின் ஒரு பொருளுக்கு உண்மையானதே. ஆயினும் அத்தொடரில் விளிக்கப்படுபவரோடு அஞ்சப்படுபவனும் ஆளாக இடம்பெறுகிறான்.

6. யாரை விளித்தல்?

6.1. வேண்டலைப் பிற பேச்சுகளிலிருந்து பிரிப்பது அதன் விளி. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த எவாக்ரியசு தம் 'அந்திரெத்திக்கோசு' என்னும் நூலில், எட்டுவகைத் தீய எண்ணங்களுக்கு எதிராகக் கூறத்தக்க ஏறத்தாழ ஐந்நூறு விவிலியப் பகுதிகளைத் தொகுத்தார். கிரேக்க மூலம் மறைந்து, சிரிய, ஆர்மீனிய வடிவங்கள் நிலைத்துள்ளன. அப்பகுதிகள் சில பேயை நோக்கியும், சில தன் உள்ளத்தை நோக்கியும், சில இறைவனை நோக்கியும் கூறப்படுவன. எதிர்மொழி, தன்மொழி, வேண்டல் என்னும் மூன்றும் அருகருகே இருப்பினும் தம்முள் கலப்பதில்லை.

6.2. யூதா நிருபத்தின் 9ஆம் வசனம் இதற்கு இலக்கணச் சான்று தருகிறது. தலைமைத் தூதராகிய மிகாவேல் பிசாசோடு வழக்காடும்போது தாமே கடிந்துகொள்ளத் துணியவில்லை. கடிதலை இறைவனிடம் விடுகிறார். கிரேக்க வினை அங்கு விழைவுப்பொருள் வடிவில் உள்ளது. ஐக்கியத் திருப்புதலின் 'கடிந்துகொள்வாராக' என்னும் வியங்கோள் அதற்கு முற்றும் பொருந்தும். ஆங்கிலம் முதலிய மொழிகளில் தனி வடிவின்றி மங்கிவிடும் இவ்வினைப்பொருள் தமிழில் குன்றாமல் விளங்குகிறது. வியங்கோளின் எழுவாய் படர்க்கை. பேசுவோன் செயலைத் தன்னதாக்கவில்லை.

6.3. 'ஆவிக்குரிய யுத்தம்', 'ஜெபவீரர்', 'ஜெபயுத்தம்' என்பன இன்று தமிழ்க் கிறித்தவ வழக்கில் பரவலாகக் காணப்படும் தொடர்கள். இவை விவிலியத் திருப்புதல்களில் இல்லாதவை. ஆங்கிலத் தொடர்களின் அச்சில் வார்க்கப்பட்டவை. 'ஆவிக்குரிய யுத்தம்' என்னும் கருத்து உலகளவில் பெருகிய காலம் 1980களும் 1990களும் ஆகும். எபேசியர் 6:12இலிருந்து தலைப்புப் பெற்ற பிராங்கு பெரட்டியின் ஆங்கிலப் புதினம் 1986இல் வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. இவ்வழக்கில் 'கட்டுகிறேன்', 'துரத்துகிறேன்' என்னும் தன்மை ஒருமை வினைகள் வேண்டலினுள் புகுந்தன. சொல்லும்போதே செயலாகும் இவ்வினைகளின் எழுவாய் பேசுவோனே, விளிக்கப்படுவதோ பேய். வேண்டல் என்னும் பெயர் மாறாதிருக்க, அதன் எழுவாயும் விளியும் மாறிவிட்டன.

6.4. இதற்கு மாறாக 2 கொரிந்தியர் 10:4 எடுத்துக்காட்டப்படலாம். அங்கு அரண்களைத் தகர்க்கும் படைக்கலங்கள் பேசப்படுகின்றன. அது தாக்குதல் மொழியே. ஆனால் அடுத்த வசனம் தகர்க்கப்படுவன தர்க்கங்கள் என விளக்கிவிடுகிறது. எபேசியர் 6:12உம் போராட்டம் மனிதரோடு அன்று என எதிர்மறையில் தொடங்குகிறது. அங்குள்ள 'பாலே' என்னும் சொல்லும் படைப்போரை அன்றி மற்போரைக் குறிப்பது. எதிரிகளின் பெயர்களோ வழுக்கும் இயல்பின. ஐக்கியத் திருப்புதலின் 'துரைத்தனங்கள்' 1871இல் ஆட்சியாளரைக் குறித்த நாட்டுவழக்குச் சொல். தீத்து 3:1இல் கீழ்ப்படியவேண்டிய ஆட்சிகளுக்கும் அதே சொல் வருகிறது. கிரேக்கத்திலும் இவ்விருபொருள் உண்டு. ஆகவே 'மனிதரோடு அன்று' என்னும் எதிர்மறை நீங்கினால், இப்போர்மொழி அண்டை வீட்டார்மேலும் வேற்றுச் சமயத்தார்மேலும் எளிதில் சென்று படியும். பல சமயத்தார் ஒரு தெருவில் வாழும் நாட்டில் இது சொல்லாராய்ச்சியோடு முடியும் செய்தியன்று. 2000ஆம் ஆண்டு சூன் திங்களில் கலிபோர்னியாவின் பசதேனாவில் நற்செய்திப் பணியின் மொழியும் உருவகங்களும் பற்றிக் கூடிய கலந்தாய்வு, படைத்துறை உருவகங்களைக் கைவிடுமாறு கிறித்தவ அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது இங்குக் கருதத்தக்கது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு.

அ. எபேசியர் 6இன் மூலத்தில் போர் என்பது நிற்றல், கவசம் பெறப்படுவது, வேண்டல் நிற்கும் முறை. மூன்றும் சார்புநிலையையே வினைவடிவங்களால் உணர்த்துகின்றன.

ஆ. தமிழில் 'பலப்படுங்கள்', 'கடிந்துகொள்வாராக', வேண்டல்களில் வரும் 'தீமை' ஆகியன அந்நிலையைக் காத்துள்ளன. 'சர்வாயுதவர்க்கம்', 'எடுத்துக்கொள்ளுங்கள்', வேண்டலைத் தனித்தொடராக்கும் அமைப்பு ஆகியன அதனை நெகிழ்த்தியுள்ளன.

இ. இனி இப்பகுதியைப் பெயர்ப்போர் 'நில்லுங்கள்' என்னும் முற்றை வேண்டலுக்குப் பின்னரும் ஒருமுறை மீட்டுக் கூறலாம். அது கூறியது கூறல் ஆகாது. மூலத்தில் வினை தலையில் நின்று செய்யும் பணியைத் தமிழில் இறுதியில் நின்று செய்வதாகும். தொகைப்பெயருக்கு ஆயுதத்தைவிடக் கவசத்தை அடியாகக் கொண்ட சொல்லே பொருந்தும். 'பெற்றுக்கொள்ளுங்கள்' என்பதை மீட்பதற்குத் தடை ஏதுமில்லை.

இறைவனின் காவலை நம்புகிறவன் தன் நம்பிக்கையைப் பெயர்ச்சொற்களில் அறிவிப்பதைவிட வினைகளில் வெளிப்படுத்துகிறான். யார் காக்கிறார், யார் பெறுகிறார், யாரை நோக்கிப் பேசப்படுகிறது என்னும் மூன்றையும் வினைமுற்றும் விளியுமே சுமக்கின்றன. சொற்களின் பொருத்தத்தை ஆராயும் அளவிற்கு இவற்றையும் ஆராய்தல் மொழிபெயர்ப்பாளரின் கடன்.